பதிவு செய்யலாம், விற்கக் கூடாது: கிரேட்ஃபுல் டெட் குழுவின் நீண்ட ஆயுள்

அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் அதிக முறை நுழைந்தவர் யார் என்று கேட்டால், எல்விஸ் பிரெஸ்லி அல்லது ஃபிராங்க் சினாட்ரா என்று சொல்வார்கள். 2024 பிப்ரவரி வரை அது சரியான விடைதான். ஆளுக்கு 58 ஆல்பங்களுடன் இருவரும் சமமாக நின்றார்கள். அந்த மாதம் 59ஆவது ஆல்பத்துடன் இருவரையும் தாண்டியது கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு. அந்த ஆல்பம் புதிய பாடல்களின் தொகுப்பு அல்ல. 1985 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் அடுத்தடுத்து நடந்த இரண்டு கச்சேரிகளின் பதிவு. குழு கலைந்து அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முப்பது ஆண்டுகள் இயங்கிய இந்தக் குழுவுக்கு, தனிப்பாடல்களுக்கான பட்டியலில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான் என்பது இன்னொரு வேடிக்கை.

வணிக மேலாண்மை வகுப்புகளில் இந்தக் குழு ஒரு செல்லப்பிள்ளை. கச்சேரிகளைப் பதிவு செய்து தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள ரசிகர்களை அனுமதித்ததுதான் காரணம். "இசையை இலவசமாகக் கொடுத்தார்கள், கச்சேரியில் சம்பாதித்தார்கள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். குழுவின் பாடலாசிரியர்களில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோவே, இணையமும் காப்புரிமையும் பற்றி 1994இல் எழுதிய கட்டுரையில் ஏறக்குறைய இதைத்தான் வாதிட்டார். அந்த வரி பாதிதான் உண்மை என்பது என் கருத்து. எதைக் கொடுத்தார்கள் என்பதோடு எதைக் கையை விட்டு விடவில்லை என்பதையும், அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

கடனில் பிறந்த வழக்கம்

1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ வட்டாரத்தில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்தார்கள். கிதாரில் ஜெர்ரி கார்சியாவும் பாப் வியரும், பேஸ் கிதாரில் ஃபில் லெஷ், டிரம்ஸில் பில் க்ரூட்ஸ்மன், ஆர்கனிலும் ஹார்மோனிகாவிலும் பிக்பென் என்று அழைக்கப்பட்ட ரான் மெக்கெர்னன். முதல் பெயர் வார்லாக்ஸ். முதல் மேடை மென்லோ பார்க்கில் ஒரு பீட்சா கடை. 1967இல் இரண்டாவது டிரம்ஸ்காரராக மிக்கி ஹார்ட் வந்தார். பாட்டெழுத ராபர்ட் ஹண்டர் இருந்தார். கார்சியாவுக்கு வலது கை நடுவிரலில் பெரும்பகுதி கிடையாது. சிறுவயதில் விறகு பிளக்கும்போது அண்ணனின் கோடரி பட்டு போனது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவர் பாஞ்சோவும் கிதாரும் பழகினார்.

அவர்கள் வளர்ந்த சூழல் வழக்கமான இசைத் தொழிலுக்கு வெளியே இருந்தது. எழுத்தாளர் கென் கீஸி 1965, 66இல் நடத்திய, எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து புழங்கிய விருந்துகளில் இவர்கள்தான் வாசித்தார்கள். அங்கே மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கோடு இல்லை. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்ற கணக்கும் இல்லை. ஒரு பாட்டை எடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மனோதர்மம் என்று சொன்னால் உடனே விளங்கும். ராக் இசையில் அன்று அது அரிது.

அந்த விருந்துகளுக்கு எல்.எஸ்.டி. தயாரித்துக் கொடுத்த ஆவ்ஸ்லி ஸ்டான்லி குழுவுக்குப் பணமும் கொடுத்தார், ஒலியமைப்பையும் கவனித்துக்கொண்டார். வெளியிடும் நோக்கத்தில் இல்லாமல், தன் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டுச் சரிபார்ப்பதற்காகவே ஒவ்வொரு கச்சேரியையும் அவர் பதிவு செய்தார். பிற்காலத்தில் பெரும் சொத்தான ஆவணக் கிடங்குக்கு விதை போட்டது ஒரு ஒலிப்பொறியாளரின் சுயபரிசோதனைதான்.

வார்னர் என்ற பதிவு நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் சோதனை செய்து பார்த்தார்கள். 1969க்குள் நிறுவனத்திடம் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கடன். அதை அடைக்க வழி தேடும் நேரத்தில், மிக்கி ஹார்ட்டின் தந்தையும் குழுவின் மேலாளருமான லென்னி ஹார்ட் குழுவின் பணத்தைக் கையாடியது 1970இல் தெரியவந்தது. ஒன்றரை லட்சம் டாலர் அளவுக்குப் போயிருந்தது. மகன் வெட்கத்தில் குழுவை விட்டு விலகி, 1974இல்தான் திரும்பினார். அதே 1970இல் சிக்கனமாக, கிராமியப் பாணியில் இரண்டு ஆல்பங்களை முடித்துக் கொடுத்துத் தலை நிமிர்ந்தார்கள். அவர்களது ஸ்டுடியோ ஆல்பங்களில் இன்றும் அதிகம் பேசப்படுபவை அவை இரண்டும்தான்.

ஆனாலும் வீட்டு வாடகை கொடுத்தது ஆல்பம் விற்பனை அல்ல, கச்சேரிதான். இதை அவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1971இல் வெளியான நேரலை ஆல்பத்தின் உறைக்குள் ஒரு சிறு அறிவிப்பை அச்சிட்டார்கள். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புங்கள், செய்தி சொல்கிறோம் என்பதுதான் சாரம். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. வானொலியையும் பதிவு நிறுவனத்தையும் நம்பாமல் ரசிகனின் முகவரியைத் தானே வைத்துக்கொண்ட ராக் குழு அன்று வேறு எது? மின்னஞ்சல் பட்டியலைப் பற்றிப் பேசுகிற இன்றைய விளம்பரக்காரர்கள் கவனிக்க வேண்டியது ரசிகர்கள் பதிவு செய்த காசெட்டுகளை விட இந்த அறிவிப்பைத்தான்.

ஒலிச் சுவர்

1974இல் அவர்கள் கட்டிய ஒலியமைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பார்வையாளர்களுக்குக் கேட்பதும் வாசிப்பவர்களுக்குக் கேட்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று ஸ்டான்லியும் அவருடைய கூட்டாளிகளும் முடிவு செய்தார்கள். அதனால் ஒலிபெருக்கிகள் எல்லாம் மேடையின் பின்புறம், இசைக்கலைஞர்களின் முதுகுக்குப் பின்னால் சுவராக எழும்பின. சுமார் 600 ஒலிபெருக்கிகள், 75 டன் எடை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அடுக்கு. லெஷின் பேஸ் கிதாரின் நான்கு தந்திகளையும் தனித்தனி அடுக்குகளுக்கு அனுப்பவும் வசதி இருந்தது.

ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை வைத்தால் ஊளையிடும் என்பது நம் ஊர் கல்யாண மண்டபத்துக்கே தெரியும். அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு பாடகருக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மைக்குகள். இரண்டும் எதிரெதிர் கட்டத்தில், அதாவது ஒன்றின் ஒலி அலை மற்றதற்குத் தலைகீழாக இருக்கும்படி, இணைக்கப்பட்டவை. பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் விழுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பாடகர் மேலே உள்ள மைக்கில் உதட்டை ஒட்டிப் பாடினால் அவர் குரல் மட்டும் தப்பித்து வெளியே வரும். சற்றுத் தள்ளி நின்றாலோ குரலும் சேர்ந்து காணாமல் போகும். அந்த ஆண்டுப் பதிவுகளில் குரல்கள் மெலிந்து கேட்பதற்கு இதுவே காரணம்.

கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். கணக்குப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். அந்தச் சுவரைக் கட்டிப் பிரிக்க நேரமாகும் என்பதால் ஒரு ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு மேடைச் சட்டகம் எழும்ப வேண்டும். லாரிகள், ஆட்கள், சம்பளம். 1973இல் சொந்தமாகத் தொடங்கிய பதிவு நிறுவனமும் பணத்தைத் தின்றது. 1974 அக்டோபரில் சுற்றுப்பயணத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு முழுவதும் நான்கே நிகழ்ச்சிகள். 1976இல் திரும்பி வந்தபோது அந்தச் சுவர் வரவில்லை.

காசெட் எப்படிக் கைமாறியது

1960களின் இறுதியிலேயே ரசிகர்கள் டேப் ரெக்கார்டர்களை ஒளித்து எடுத்து வரத் தொடங்கிவிட்டார்கள். குழுவின் ஆட்கள் சில சமயம் கம்பியை வெட்டியதும் உண்டு. நாளடைவில் பிடிப்பதை விட்டுவிட்டார்கள். நாங்கள் வாசித்து முடித்த பிறகு அதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் கார்சியா சொன்னது பிரசித்தம். பெருந்தன்மை என்று இதைக் கொண்டாடுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பையைச் சோதிக்கும் போலீஸ் வேலை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1980களில் மைக் கம்பங்கள் காடாக வளர்ந்தன. ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் நின்று மற்றவர்களின் பார்வையை மறைத்தன. 1984 அக்டோபரில் மேசைக்குப் பின்னால் பதிவாளர்களுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட் அச்சிட்டார்கள். அங்கே அமர்ந்தவர்கள் கைதட்டக்கூடத் தயங்குவார்கள், பக்கத்து மைக்கில் விழுந்துவிடும் என்பதற்காக. கையில் 90 நிமிட காசெட், ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பாட்டு நீண்டுகொண்டே போகும்போது எந்த நொடியில் காசெட்டைத் திருப்புவது என்று முடிவு செய்வதற்கு அனுபவம் வேண்டும். தவறான நொடியில் திருப்பினால், அந்தக் காசெட்டிலிருந்து பிறக்கும் நகல்கள் அனைத்திலும் அந்த வெட்டு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

நகல் எடுப்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காசு வாங்கக் கூடாது. உன்னிடம் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லையென்றால், வெற்றுக் காசெட்டையும் தபால்தலை ஒட்டிய உறையையும் அனுப்பு, பதிவு செய்து திருப்பி அனுப்புகிறேன். காசு வாங்குகிறவன் என்று பெயர் வந்துவிட்டால் அவனோடு யாரும் பரிமாற மாட்டார்கள். இந்தப் பரிமாற்றத்துக்காகவே 1974இல் ஒரு பத்திரிகை தொடங்கி, ரெலிக்ஸ் என்ற பெயரில் பின்னாளில் முழுமையான இசை இதழாக வளர்ந்தது.

இதில் எல்லாவற்றையும் தாங்கி நின்ற தூண் ஒன்று உண்டு. குழு சுமார் 2,300 கச்சேரிகளை வாசித்தது, எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. பாட்டு வரிசையை முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. ஒரே பாட்டு ஓரிரவு பத்து நிமிடம், இன்னோரிரவு முப்பது நிமிடம். சில இரவுகள் சொதப்பல் என்று ரசிகர்களே கூசாமல் சொல்வார்கள். ஆகவே ஒரு காசெட்டைக் கேட்டவனுக்கு அடுத்த கச்சேரிக்குப் போக வேண்டிய தேவை தீரவில்லை, கூடியது. இதே குழு ஒவ்வோர் ஊரிலும் அதே பன்னிரண்டு பாட்டை அதே வரிசையில் வாசித்திருந்தால் ஒரு காசெட்டோடு பசி அடங்கியிருக்கும். இலவசம் அவர்களை வாழ வைக்கவில்லை. அந்த இலவசத்தைத் தாங்கும் அளவுக்கு அவர்கள் ஒவ்வொரு மாலையும் புதிதாக உழைத்தார்கள்.

டிக்கெட் விஷயத்திலோ தாராளம் கிடையாது. 1983 முதல் சொந்தமாகவே தபாலில் டிக்கெட் விற்றார்கள். மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் விவரங்களை எழுதி, தபால் மணி ஆர்டரோடு, குறிப்பிட்ட தேதி முத்திரையுடன் அனுப்ப வேண்டும். ஒரு விதி தவறினாலும் உறை திரும்பி வந்துவிடும். ரசிகர்கள் அந்த உறைகளின் மேல் ரோஜாவும் மண்டையோடும் வண்ணத்தில் வரைந்து அனுப்பினார்கள், பார்ப்பவர் மனம் இரங்காதா என்று. அப்படிப்பட்ட உறைகள் இன்று சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஆக, கொடுத்தது ஒலி நகல். பிடித்து வைத்துக்கொண்டது டிக்கெட், சின்னங்களின் உரிமை, ரசிகர் முகவரி, மூலப் பதிவு நாடாக்கள்.

நாடாக்களை எப்போதும் கவனமாகப் பிடித்து வைத்திருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பெட்டி கேண்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் எடுத்த அருமையான நாடாக்கள் அவரிடமே இருந்தன. பொருளாதார நெருக்கடியில் கிடங்கு வாடகை பாக்கி விழ, 1986இல் அவை ஏலத்துக்குப் போய்ப் பலர் கைகளில் சிதறின. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் 1977 மே 8 அன்று நடந்த கச்சேரியின் பதிவு அவற்றில் ஒன்று. மே மாதத்திலும் பனி பெய்த இரவு அது. நகலின் நகலாக நாடெங்கும் பரவி, 2011ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2017இல்! கடைக்கு வருவதற்குச் சில ஆண்டு முன்பே தேசியச் செல்வமாகிவிட்ட பதிவு.

வெற்றி வந்து கெடுத்த கதை

1986 ஜூலையில் கார்சியா நீரிழிவு மயக்கத்தில் விழுந்தார். பல நாட்கள் நினைவில்லை. எழுந்தபோது கிதார் வாசிப்பையே மீண்டும் கற்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வெளியான 'டச் ஆஃப் க்ரே' பாட்டு பில்போர்டு பட்டியலில் ஒன்பதாம் இடத்துக்குப் போனது. எலும்புக்கூடு பொம்மைகள் வாசிக்கும் அதன் காணொளியை எம்.டி.வி. திரும்பத் திரும்பப் போட்டது. கார்சியாவுக்கு வயது 45.

இருபது ஆண்டுகளாகக் காத்திருந்த வெற்றி அவர்களுடைய ஒழுங்கைக் குலைத்தது. பழைய ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து, வாகன நிறுத்துமிடத்தில் சட்டையும் சாப்பாடும் விற்றுப் பயணச் செலவைச் சமாளித்தவர்கள். அந்தச் சந்தைக்குச் சில நாகரிகங்கள் இருந்தன. புதிதாக வந்தவர்களில் பலருக்குக் கச்சேரி வேண்டாம், அந்தச் சந்தை போதும். டிக்கெட் இல்லாமல் வந்து வெளியே ஆடிப்பாடினார்கள். ஊர்க்காரர்கள் புகார் சொன்னார்கள். சில நகரங்கள் இனி வராதீர்கள் என்றன. முகாமிடாதீர்கள், விற்காதீர்கள், டிக்கெட் இல்லாதவர்கள் வராதீர்கள் என்று குழுவே கெஞ்ச வேண்டி வந்தது.

இன்னொரு பக்கம் வருமானம் கொட்டியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த சுற்றுப்பயணக் குழுக்களில் இவர்களும் இருந்தார்கள். இங்கேதான் அந்தப் பாராட்டப்பட்ட வணிக முறையின் அடிப்பக்கம் தெரிகிறது. ஆல்பம் விற்றால் கலைஞன் வீட்டில் உட்காரலாம், ராயல்டி வரும். கச்சேரியை மட்டும் நம்பியிருந்தால் மேடை ஏறினால்தான் பணம். அலுவலகம், ஒலிக்குழு, டிக்கெட் பிரிவு, குடும்பங்கள் என்று பெருங்கூட்டம் அந்த வருமானத்தில் நின்றது. ஹெராயின் பழக்கமும் நீரிழிவும் அரித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் விரல்களில்தான் அத்தனை பேரின் சம்பளமும் தொங்கியது. ஓய்வெடுங்கள் என்று சொல்ல எல்லோருக்கும் ஆசை, யாருக்கும் வசதியில்லை. 1994இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோது கார்சியா விழாவுக்குப் போகவில்லை. நண்பர்கள் அவருடைய உருவ அட்டையை மேடையில் நிறுத்தினார்கள்.

1995 கோடைச் சுற்றுப்பயணம் முழுவதும் விபத்து. வாஷிங்டனில் ரசிகர்கள்மேல் இடி விழுந்தது. ஜூலை 2 அன்று இண்டியானாவில் கார்சியாவுக்குக் கொலை மிரட்டல். அரங்க விளக்குகளை அணைக்காமலே அவர் வாசித்தார். அதே இரவு டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் வேலியை உடைத்து உள்ளே நுழைந்தார்கள், உள்ளே இருந்தவர்களில் சிலர் அதைப் பார்த்து ஆரவாரித்தார்கள். மறுநாள் பாதுகாப்புக்கு வரப் போலீஸ் மறுக்க, கச்சேரி ரத்தானது. இது தொடர்ந்தால் நாங்கள் நிறுத்திவிடுவோம் என்று குழு ரசிகர்களுக்குக் கடிதம் எழுதியது. சில நாளில் மிசௌரியில் ஒரு முகாமின் தாழ்வாரம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஜூலை 9 சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9 அன்று ஒரு போதை மீட்பு இல்லத்தில் மாரடைப்பால் கார்சியா இறந்தார். வயது 53. அந்த ஆண்டு டிசம்பரில் கிரேட்ஃபுல் டெட் என்ற பெயரில் இனி வாசிப்பதில்லை என்று மற்றவர்கள் அறிவித்தார்கள்.

கார்சியாவின் அஸ்தியின் ஒரு பகுதி 1996 ஏப்ரலில் ரிஷிகேசத்தில் கங்கையில் கரைக்கப்பட்டது. இந்தியத் தொடர்பு என்றால் அதைவிட முக்கியமானது தாளம். மிக்கி ஹார்ட் ஜாகிர் உசேனோடு பல்லாண்டு வாசித்தவர். அவர்களது 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருது அந்த ஆல்பத்துக்குத்தான் போனது.

கிடங்கிலிருந்து வந்த இரண்டாம் வாழ்க்கை

குழு முடிந்த பிறகும் பெயர் வளர்ந்ததற்குக் காரணம் ஒரு தீவிர ரசிகர். டிக் லட்வாலா என்பவர் ஹவாயில் உட்கார்ந்து காசெட் சேகரித்துக்கொண்டிருந்தவர். குழு அவரையே ஆவணக் காப்பாளராக ஆக்கியது. அவர் தேர்ந்தெடுத்த கச்சேரிகள் 1993 முதல் அவர் பெயரிலேயே வெளிவந்தன. ஒலிக்குறைகள் இருக்கும், தெரிந்து வாங்குங்கள் என்ற எச்சரிக்கை உறையிலேயே அச்சாகியிருந்தது. 36 தொகுதிகள் வந்தன. லட்வாலா 1999இல் இறந்தார். அவருக்குப் பின் காப்பாளரான டேவிட் லெமியூ ஆண்டுக்கு நான்கு கச்சேரித் தொகுதிகளை வெளியிடுகிறார். முன்னர் சொன்ன 59இல் பெரும்பாலானவை 2012க்குப் பிறகு பட்டியலுக்கு வந்தவை. பிரதிகளை எண்ணிக்கை கட்டி வெளியிடுவதால் எல்லோரும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுகிறார்கள், தரவரிசையும் ஏறிவிடுகிறது. சாதனையின் மதிப்பை இது கொஞ்சம் குறைக்கிறது என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் 2011இல், 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் 73 குறுந்தகடுகளாகப் பெட்டியில் அடைத்து 7,200 பிரதிகள் விற்பனைக்கு வைத்தபோது சில நாட்களில் தீர்ந்தன. அதற்குத் தரவரிசைத் தந்திரம் எதுவும் உதவவில்லை.

ஒருமுறை இந்தச் சமன்பாட்டைக் கலைக்கப் பார்த்தார்கள். 2005 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத் தளத்திலிருந்து கச்சேரிப் பதிவுகளைத் தரவிறக்கம் செய்வதைக் குழுவின் தரப்பு நிறுத்தியது. ரசிகர்கள் கொதித்தார்கள், இனி எதையும் வாங்க மாட்டோம் என்று மனு எழுதினார்கள். லெஷ் ரசிகர்கள் பக்கம் பேசினார். சில நாட்களில் உடன்பாடு வந்தது. ரசிகர்கள் எடுத்த பதிவுகளைத் தரவிறக்கலாம், ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரடியாக எடுத்தவற்றைத் தளத்திலேயே கேட்க மட்டும் செய்யலாம். உரிமையாளர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் சொல்லும். முப்பது ஆண்டுகள் காசு வாங்காமல் நகலெடுத்துப் பரப்பியவர்கள் வேறு பதில் வைத்திருந்தார்கள், அந்தப் பதிலுக்கும் குழு பாதி வழி இறங்கி வந்தது.

மேடையும் காலியாகிவிடவில்லை. 1997இல் சிகாகோவில் தொடங்கிய டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா என்ற குழு, பழைய கச்சேரி ஒன்றின் பாட்டு வரிசையை அப்படியே எடுத்து முழுவதையும் வாசிக்கிறது. 2015இல் மிஞ்சிய நால்வரும் (வியர், லெஷ், க்ரூட்ஸ்மன், ஹார்ட்) சோல்ஜர் ஃபீல்டில் மூன்று இரவுகள் சேர்ந்து வாசிக்க, ஓரிரவுக்கு எழுபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பிறகு பாடகரும் கிதார் கலைஞருமான ஜான் மேயரைச் சேர்த்துக்கொண்டு டெட் அண்ட் கம்பெனி என்ற குழு கிளம்பியது. டிக்கெட் விலை பழைய ரசிகர்களை முணுமுணுக்க வைத்தது, நியாயமான முணுமுணுப்புதான். லெஷ் 2024 அக்டோபரில் காலமானார். 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் அறுபதாம் ஆண்டுக் கச்சேரிகள் நடந்தன.

இவர்கள் வழியைப் பின்பற்றிப் பிழைத்த குழுக்கள் உண்டு. ஃபிஷ் என்ற ராக் குழு அதில் முதன்மையானது. ஆனால் எண்ணிக்கை குறைவு. இன்று எந்தக் கச்சேரியானாலும் ஆயிரம் கைப்பேசிகளில் பதிவாகிறது. அந்தப் பதிவுகளை யாரும் தேதி வாரியாகச் சேகரிப்பதில்லை. விளக்கும் திரைக்காட்சியும் பாட்டும் நொடிக்கணக்கில் பூட்டப்பட்ட நிகழ்ச்சியில் செவ்வாய்க்கிழமைப் பதிவும் புதன்கிழமைப் பதிவும் ஒன்றேதான். 2024இல் லாஸ் வேகஸின் ஸ்ஃபியர் அரங்கில் டெட் அண்ட் கம்பெனி வாசித்தபோது, அந்தப் பிரம்மாண்டத் திரைக்காகக் காட்சிகளை முன்கூட்டியே தயாரிக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் பாட்டு வரிசையை இரவுக்கு இரவு மாற்றினார்கள். வார இறுதியின் மூன்று இரவுகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர்கள் அங்கும் இருந்தார்கள்.